மீன்தொட்டிக்குக் கீழே இருந்தவர்

திண்டிவனத்தில் அந்த வீட்டு மாடிக்குக் குடிபோன அன்றைக்கே அவர் என்னை எடை போட்டுவிட்டார். வேனிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு துரும்பையும் தொடாமல், இதை அங்கே வை, அதை இங்கே வை என்று நாட்டாமை செய்துகொண்டிருந்தேன். கீழ்வீட்டு வாசலில், தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் வந்து நின்றார். பீரோவை ஒரு பார்வை பார்த்தார். "தொண்ணூத்தி ரெண்டு" என்றார். வாஷிங் மெஷினைப் பார்த்து, "அறுவது, மிஞ்சினா அறுவத்தொண்ணு" என்றார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாரு எழுவத்தாறு. பீரோவ கூட தூக்கிடலாம். சாரத்தான் தூக்க முடியாது. புடிக்கறதுக்கு வாட்டமா எதுவும் இல்ல."

வேன்காரன் முதல் என் மனைவி வரை எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியரை முன்பின் தெரியாத ஒருவர் மூட்டை மாதிரி எடை போட்டால் பின்னே எப்படி இருக்கும்? அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை செய்ய வந்திருந்தார்கள். யாரும் பார்க்காதபோது அவர்களுடைய எடைக்கருவியில் ஏறி நின்றேன். எழுபத்தாறு.

கீழ்வீட்டில் குடியிருந்த அவர் மார்க்கெட் பக்கம் ஒரு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நெல், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கேப்பை, உளுந்து என்று முப்பது வருஷம் கழுத்தில் ஏற்றி இறக்கியவர். பிடரிக்குக் கீழே, தோள் தொடங்குகிற இடத்தில், தோல் தடித்து மேடு தட்டியிருக்கும். பார்த்த மாத்திரத்தில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அந்த மேட்டைத் தட்டிக் காட்டுவார். "கண்ணு பார்க்கும், கழுத்து சொல்லும்" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது. மண்டியில் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது, எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதுகிற தகுதி எனக்கில்லை.

அவருக்கு எதைப் பார்த்தாலும் எடைதான். பலாப்பழம், பாடை, லாரியின் ஸ்டெப்னி டயர், கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டா. பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு விசேஷத்தின்போது ஜெனரேட்டரைப் படியேற்றியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கதையைச் சொல்லும்போது சாமியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஜெனரேட்டர் நூற்று நாற்பத்தெட்டு கிலோ என்பதும், பாதி மலையில் அதில் டீசல் ஊற்றியதால் நூற்று ஐம்பத்தாறு ஆனது என்பதும்தான் வரும். "கீழயே ஊத்தியிருந்தா முழு மலையும் செமந்திருப்போம். பாதி மலையில ஊத்த சொன்னது நான்தான் சார்" என்பார். அந்த எட்டுக் கிலோ விஷயத்தில் அவருக்கு அப்படியொரு பெருமை.

ஒருநாள் எங்களுக்குச் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் முட்டிவலி என்று முனகியதால் இவரே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். நாலு படி ஏறியவர் அப்படியே நின்றார்.

"தம்பி, இதுல ஒண்ணர கிலோ கம்மியா இருக்குது."

"யோவ், சீல் இருக்குதுய்யா."

"சீலு இருக்கட்டும். வெயிட்டு இல்லியே."

வண்டியில் மாட்டியிருந்த தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிலோ நானூறு கிராம் குறைந்தது. வேறு சிலிண்டர் வந்தது. என் மனைவி அன்று சாயங்காலம் முழுக்க அவர் புகழையே பாடிக்கொண்டிருந்தாள். நான் நியூட்டனின் விதிகளை நடத்திச் சம்பாதிக்கிறவன். என் வீட்டு அடுப்புக்கு அவருடைய கழுத்து தேவைப்பட்டது.

மண்டியில் நடந்த கதை இன்னும் பெரிது. விவசாயி ஒருவருடைய மூட்டையை எலக்ட்ரானிக் தராசில் ஏற்றினால் எழுபத்திரண்டு காட்டியது. இவர், "எழுவத்தஞ்சுக்கு ஒரு மணி கொறையாது" என்று சொல்லிவிட்டார். மண்டி முதலாளிக்கு எரிச்சல். மெஷின் பொய் சொல்லுமா என்று கத்தினார். இவர் சத்தம் போடாமல் தராசுத் தட்டைத் தூக்கிக் காட்டினாராம். அடியில் ஒரு கூழாங்கல் சிக்கியிருந்தது. அதை எடுத்துவிட்டு மூட்டையைப் போட்டால் எழுபத்தைந்து. அன்றிலிருந்து அந்த மண்டியில் அவர் வாயால் சொன்ன எடையை யாரும் திரும்பப் போட்டுப் பார்த்ததில்லை.

குழந்தைகளுக்கு மட்டும் அவர் எடை சொல்ல மாட்டார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் அவர் முன்னால் போய் நிற்பாள்.

"தராசு மாமா, என் வெயிட் சொல்லுங்க."

"பசங்க வெயிட்ட சொன்னா வளராது கண்ணு."

"சும்மா சொல்லுங்க மாமா."

அவர் குனிந்து அவள் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, முகம் சிவக்க முக்கி, தூக்கவே முடியாதவர் மாதிரி பின்னால் சாய்வார். "அய்யய்யோ, ஒரு லாரி லோடு!" என்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்ட ஒரே பொய் எடை அதுதான்.

இவ்வளவு பழகியும் அவர் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. சிலிண்டரை நிலைப்படியில் இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். உள்ளே வாங்க என்று நாங்கள் சொன்னதில்லை. தண்ணீர் கொடுத்தோம், அதை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தோம். சொல்லக்கூடாது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. அது பாட்டுக்கு அப்படி நடந்துகொண்டிருந்தது. நாங்களும் அவர் வீட்டுக்குள் போனதில்லை.

அப்போதுதான் மீன்தொட்டி வந்தது.

என் பதவி உயர்வு பத்து மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. மனைவியின் அண்ணன் வாஸ்து பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வடக்குச் சுவரோரம் கிழக்கு மேற்காக நீட்டி ஒரு மீன்தொட்டி வை, அதில் வாஸ்து மீன் விடு, வைத்த இடத்தை விட்டு நகர்த்தாதே என்றார். அந்த மீன் திரும்புவதற்கு இடம் வேண்டுமாம். ஆகவே ஐந்தடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டேகாலடி உயரம். இந்த மூன்றையும் பெருக்கி எடையைச் சொல் என்று பத்தாம் வகுப்புப் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். நான் பெருக்கிப் பார்த்தேன். வந்த விடையை யாரிடமும் சொல்லவில்லை.

அது பழைய மச்சு வீடு. மரச்சட்டங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தளம். சாவியைக் கொடுத்த அன்றே வீட்டுக்காரர், "மேல ரொம்ப வெயிட்டு ஏத்தாதீங்க சார், பழைய சட்டம்" என்று சொல்லியிருந்தார். நானும் தலையை ஆட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அப்படியொரு வீடு மறுபடியும் கிடைக்காது.

காலித் தொட்டியை மாடிக்கு ஏற்றியதும் அவர்தான். மண்டியிலிருந்து மூன்று பேரைக் கூட்டிவந்து, கண்ணாடியில் ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து வைத்தார். எங்கள் கூடத்துக்குள் அவர் நுழைந்தது அதுவே முதல் தடவை. தோளில் சுமை இருந்தால் உள்ளே வரலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம் போலிருக்கிறது. இறக்கி வைத்துவிட்டுத் தொட்டியின் விளிம்பைத் தடவினார்.

"கண்ணாடி மட்டும் எம்பத்தாறு. தண்ணி எத்தினி லிட்டரு சார் புடிக்கும்?"

"முழுக்க ஊத்த மாட்டோம். பாதிதான்" என்றேன். "எல்லாம் சேர்த்து ஒரு எரநூறு கிலோ வரும்."

அவர் தரையைப் பார்த்தார். காலால் இரண்டு தட்டுத் தட்டினார். "சட்டம் போற வாட்டத்துலயே தொட்டி வருது. குறுக்கால திருப்பி வச்சா நாலு சட்டம் தாங்கும். இப்டின்னா ரெண்டு சட்டம் மேலயே உக்காந்துக்கும்."

"திருப்பக்கூடாதுங்க, வாஸ்து" என்றாள் என் மனைவி.

"எரநூறுன்னா பரவால்லம்மா. சாரு பிசிக்ஸ் வாத்தியாரு, அவருக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு விளிம்புக்கு நாலு விரல் விட்டு முழுக்க ஊற்றினோம். கூழாங்கல் போட்டோம். வெள்ளியில் செய்தது போல ஒரு மீன் வந்தது. இருபதாம் நாள் பதவி உயர்வு ஆணை கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தொட்டியை நகர்த்துவதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச முடியுமா?

மழைக்காலம் முடிந்ததும் நான் ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும். தொட்டிதான் மட்டமாக இல்லை. கிழக்கு ஓரத்தில் தண்ணீர் விளிம்புக்கு மூன்று விரல் கீழே இருந்தது, மேற்கு ஓரத்தில் ஐந்து விரல் கீழே. தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்பதைத் தண்ணீரே கோடு போட்டுக் காட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கிழக்குப் பக்கத்துக் கால்களுக்கடியில் அட்டையை மடித்து மடித்துச் சொருகினேன். கோடு நேரானது. கோடு நேரானதும் மனசும் நேராகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி படியேறி வந்தார். முட்டி தேய்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுகிறவர்.

"எம்மா, மேல சாமான் எதுனா நவுத்துனீங்களா? சுண்ணாம்பு உதுந்துக்கினே இருக்குது. சோத்து தட்டுல வந்து வுழுது."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "எலியா இருக்கும்" என்றேன் நான், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் காலுக்கடியிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. கீழே யாரோ கூரையை இடிப்பது போலிருந்தது. முதன்முறையாக அவர் வீட்டுக்குள் போனேன். ஒரே அறை. சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான். அறையின் வடக்குச் சுவரோரம் மூன்று சவுக்குக் கட்டைகள் தரையிலிருந்து கூரை வரை நின்றன. மேலே சட்டத்துக்குக் கீழாக ஒரு பலகை, கீழே ஆப்பு. அவர் சுத்தியலால் ஆப்பை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் கிடந்த கட்டில் வெளியே நடையில் போட்டிருந்தது. அவர் மனைவி அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கள் மீன் நீந்துகிற இடத்துக்கு நேர் கீழேதான் அந்த அம்மா இத்தனை மாதமும் படுத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வாங்க சார், பயப்படாதீங்க" என்றார். "சட்டம் கொஞ்சம் எறங்கிடுச்சி. முட்டு குடுத்துட்டேன். வீட்டுக்காரரு வந்தா பேஜாரு பண்ணுவாரு, அதுக்கு முன்னால நம்மளே பார்த்துக்கலாம்னுதான். நீங்க மீன எடுத்துடாதீங்க, பாப்பா ஆசையா பார்க்குது."

அவர் நடுக்கட்டையில் தன் பிடரியைச் சாய்த்து நின்றார். மூட்டையை வாங்கிக்கொள்ளும்போது நிற்பது மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"எரநூறு மாதிரி இல்லியே சார்" என்றார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூன்று கட்டைகளும், நானும், அவரும்தான் இருந்தோம். அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். நானோ பாடம் நடத்தினேன். கட்டடத்தின் சொந்த எடை என்று ஒன்று இருக்கிறது, செங்கல், சுண்ணாம்பு, சட்டம் எல்லாம் சேர்ந்துதான் அழுத்தும், தொட்டியின் எடை அதில் ஒரு பங்குதான் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அவர் வகுப்பில் உட்கார்ந்த பையன் மாதிரி கேட்டுக்கொண்டார். "ஆங், அதுவும் சரிதான் சார். மேல இருக்கற மச்சோட வெயிட்ட நான் செமந்தது இல்லியே" என்றார். இருபத்தாறு வருஷம் கற்றுக்கொண்டதையும் கற்றுக்கொடுத்ததையும் நான் அவ்வளவு கேவலமாக வேறெங்கும் பயன்படுத்தியதில்லை.

மேலே வந்து மனைவியிடம் கட்டிலைப் பற்றிச் சொன்னேன். "பாதித் தண்ணியையாவது எடுத்துடலாங்க" என்றாள். எடுக்கலாம், பரீட்சை முடியட்டும் என்றேன்.

பரீட்சைக்கு முன்னாலேயே வீட்டுக்காரர் வந்துவிட்டார். பின்கட்டுக் குழாயைப் பார்க்க வந்தவர், நடையில் கிடந்த கட்டிலைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டைகள் முட்டிய இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"என் வீட்டு மச்ச குத்தி ஒடச்சி வச்சிருக்கியே, யார கேட்டு கட்ட நட்ட?"

"ஒடைக்கலிங்க. எறங்குச்சி, தாங்கி வச்சேன். மேல தொட்டி இருக்குது."

வீட்டுக்காரர், அவர் மச்சான், எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர், பின்னால் இவர், எல்லோரும் படியேறி வந்தார்கள். இந்த முறையும் இவர் நிலைப்படியோடு நின்றார். அங்கிருந்தே தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் நிறைந்திருந்த அந்தத் தொட்டியை அவர் அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறார். அவர் பார்வை தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய், கூழாங்கல்லுக்கு இறங்கி, இரும்பு ஸ்டாண்டுக்கு வந்தது. கை தானாகப் பிடரிக்குப் போனது.

"ஐநூத்தி எம்பது" என்றார்.

வீட்டுக்காரர் திரும்பினார். "இன்னாது?"

"ஐநூத்தி எம்பது கிலோ இருக்குதுங்க."

"யோவ், அது மீன்தொட்டியா, கோயில் தேரா?" என்றார் வீட்டுக்காரர். மச்சான் சிரித்தார். ஜவுளிக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றும் முகத்திலிருந்து கழுவ முடியவில்லை.

"மூட்ட தூக்கறவன் நீ சொல்லாத. சாரு சொல்லட்டும், அவரு படிச்சவரு. எவ்ளோங்க சார் இருக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. மண்டியில் அந்தக் கூழாங்கல்லை எடுத்துவிட்டு மூட்டையைப் போட்டபோது, தராசில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அப்படித்தான் பார்த்தார். சரியாகத்தான் காட்டும் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்ற பயம். தொட்டியை நகர்த்தினால் வந்த பதவி போய்விடும் என்ற பயம். மூன்று பேர் முன்னால் பொய்யனாக நிற்க வேண்டுமே என்ற பயம். எல்லாம் சேர்ந்து என் வாயைத் திறந்தன.

"எரநூறு தாண்டாதுங்க" என்றேன்.

அவர் பிடரியிலிருந்து கையை எடுத்தார்.

"அப்டின்னா என் கண்ணுதான் தப்பு போல" என்றார்.

என் மகளைத் தூக்க முடியாதவர் மாதிரி நடித்ததற்குப் பிறகு, எடை விஷயத்தில் அவர் சொன்ன இரண்டாவது பொய் அது. இரண்டையும் என் வீட்டுக்காகத்தான் சொன்னார்.

மச்சைப் பழுது பார்க்க வேண்டும், பத்து நாளில் காலி செய் என்று வீட்டுக்காரர் அவரிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு என் மனைவி, "ஏங்க, அந்தம்மாவுக்கு முட்டி வேற சரியில்ல, பாவம் இல்லியா?" என்றாள். "நீதானே நகத்தக்கூடாதுன்னே" என்று அவள்மேல் பாய்ந்தேன். அவள் அழுதாள். அழ வேண்டியவன் நான்.

அவர்கள் விழுப்புரத்துக்குப் போனார்கள். அங்கே அவர் மனைவியின் தம்பி இருந்தார். ஒரு குட்டியானை வண்டியில் சாமான் ஏறியது. அவர் மனைவி அறைக்குள் கை நீட்டி, "அந்த கட்டைங்கள வுட்டுட்டீங்களே, நம்மளுதுதானே, தூக்கிப் போடுங்க" என்றார். அவர் வண்டியில் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்.

"இருக்கட்டும். மேல பாப்பா இருக்குது. தொட்டி காலியாவறவரைக்கும் அது நிக்கட்டும்."

நான் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் மகள் கையசைத்தாள், அவளுக்கு மட்டும் கையசைத்தார்.

மறுநாளே தொட்டியைக் காலி செய்தேன். ஒரு நாள் முன்னால் செய்திருந்தால் அதற்கு ஏதாவது அர்த்தம் இருந்திருக்கும். மீனை மனைவியின் அண்ணன் வாங்கிக்கொண்டு போனார். பதினெட்டு லிட்டர் வாளியில் முகந்து முகந்து ஊற்றினேன். வகுப்பில் செய்முறைத் தேர்வு வைக்கிறவன் ஆயிற்றே, எண்ணாமல் இருக்க முடியுமா? இருபத்திரண்டு வாளி. முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. கல்லையும் ஸ்டாண்டையும் கண்ணாடியையும் பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டேன். கல் ஐம்பத்திரண்டு, ஸ்டாண்டு நாற்பத்து நாலு, கண்ணாடி எண்பத்தாறு. மொத்தம் ஐநூற்று எழுபத்தெட்டு. அவர் வாசற்படியில் நின்றபடி சொன்னது ஐநூற்று எண்பது. அந்த இரண்டு கிலோவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் சமாதானம் தேடினேன். முழுக்கச் சரியாகச் சொல்லவில்லையே என்று! மனுஷன் எதையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் பாருங்கள்.

பதவி இருந்த இடத்திலேயே இருந்தது. மீன் போனதால் அது போய்விடவில்லை.

சென்ற வருஷம் மாவட்டக் கல்வி அலுவலக வேலையாக விழுப்புரம் போயிருந்தேன். அவரைத் தேடிப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய் இதுவரை சொன்னது போதும். வேலை பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. வறுத்துத் தின்ன நல்ல மல்லாட்டை வாங்கலாம் என்று மண்டிகள் இருக்கிற தெருவுக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு மண்டி வாசலில் அவர் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். தலைத்துண்டு அதேதான். உடம்பு இறங்கியிருந்தது.

முகையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மொபெட்டில் ஒரு மூட்டையோடு வந்து நின்றார். "அண்ணே, இது எவ்ளோண்ணே இருக்கும்?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். அவர் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதான் மெஷினு இருக்குதே. போட்டுப் பாரு."

மண்டிப் பையன்கள் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள். தராசு என்று ஒருவரும் கூப்பிடவில்லை. அப்படி ஒரு பெயர் இருந்தது என்பதே அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துதான் வந்தார். "சார், எப்டி இருக்கீங்க? பாப்பா எத்தினாவது படிக்குது?" என்றார். சொன்னேன். அவர் மனைவியின் முட்டியைப் பற்றிக் கேட்டேன். "நடக்குது, கோல் வச்சிக்கினு" என்றார். அதற்குமேல் தாங்கவில்லை. அவரைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க சொன்னதுதாங்க சரி. நான் அப்புறம் எடை போட்டுப் பார்த்தேன். ஐநூத்தி எழுபத்தெட்டு."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "மீன வச்சிக்கினு போட்டீங்களா, எடுத்துட்டுப் போட்டீங்களா?"

"எடுத்துட்டு."

"அப்ப சரி" என்றார். ஒரு நொடி, ஒரே நொடி, அந்தப் பழைய சிரிப்பு வந்தது. "மீனு ரெண்டு கிலோ இருந்துச்சி."

நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் சிரிப்பு அடங்கிவிட்டது.

"எனக்குத் தெரியும் சார். அன்னிக்கே தெரியும்" என்றார். கோபமில்லை. மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "ஆனா அன்னிக்கி எல்லாரும் இருந்தாங்க. இப்ப எங்கிட்ட மட்டும் சொல்றீங்க."

அவருக்குப் பின்னால் தராசைச் சுற்றி அந்த விவசாயியும், மண்டிக் கணக்குப்பிள்ளையும், மூட்டை தூக்குகிற இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த மனிதர் கண்ணால் பார்த்து எடை சொல்வார், ஒரு கிலோ பிசகாது, ஐநூற்று எண்பது கிலோவை வாசற்படியில் நின்று சொன்னவர், அதைப் பொய்யாக்கியவன் நான்தான் என்று உரக்கச் சொல்ல எனக்கு இருந்த தூரம் பத்தடி. சொல்லியிருந்தால் மொபெட்டில் இருந்த மூட்டையை அவரிடம் காட்டி மறுபடியும் கேட்டிருப்பார்கள். தினமும் நாற்பது பேர் முன்னால் நின்று பேசுகிறவன் நான். அவரும் அவசரப்படுத்தாமல், அன்றைக்குப் பார்த்த அதே பார்வையோடு என்னைப் பார்த்தபடி நின்றார்.

"லேட்டாவுது, வர்றேங்க" என்றேன்.

"சரி சார், ஜல்தி போங்க" என்றார் அவர்.

அன்றைக்கு எனக்கு வேறு எந்த வேலையும் இல்லை.